கடலைப் பொட்டலம்

பஹருடினுக்கு ஊர் மக்காசர். கப்பலில் பாமாயில்.
பம்ப் கெட்டுப்போய்ப் பதினோரு நாளாக
துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது.
ஒன்றாம் கேட்டுக்கு வெளியே
குடைக்கடியில் சிம் கார்டு விற்கும் என்னிடம் வந்தவன்
விரல் ஐந்தையும் குவித்து வாயருகே காட்டினான்.
கப்பல் சோறு அலுத்துவிட்டதாம்.
ராத்திரி பத்து வரை பாஸ் இருக்கிறதாம்.

கப்பல், கடை, பெட்டி, மாங்கா.
இந்த நாலும் அவன் ஊரிலும் கிட்டத்தட்ட இதேதான்.
நாலு சொல்லை வைத்துக்கொண்டு
கல்யாணம் பேச முடியாது,
சாப்பிடக் கிளம்பலாம்.
வண்டியை உதைத்தேன்.

பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ.
ஆரஞ்சு நூடுல்ஸைக் கையால் பிசைந்து
முட்டைகோஸும் புளித்தண்ணியும் பொரித்த வெங்காயமும் போட்டு
வாழைத்தண்டு சூப்போடு கொடுத்தார்கள்.
"பர்மா," என்றான், திருத்துகிற குரலில்.
இந்தோனேசியா இல்லை என்பதைச் சொல்லிவிட்டு
இரண்டு பிளேட் தின்றான்.

கல்மண்டபத்தில் வாழைக்கா பஜ்ஜியைக் கண்டதும்
"பீசாங் கோரெங்!" என்று வண்டி நிற்குமுன் குதித்தான்.
அவன் ஊரில் அது பழம், தித்திப்பு.
கடித்தவன் முகத்தில்
மிளகாய்த்தூள் மெதுவாக உதித்தது.
ஏமாந்ததை ஒத்துக்கொள்ளாமல் மென்றான்.
பிறகு எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்த்தான்,
பக்கத்தில் கத்தரித்துப் போட்டிருந்த
ரேஷன் பாக்கெட்டையும்.
நெஞ்சைத் தட்டி, "கப்பல். என் கப்பல்," என்றான்.
பஜ்ஜிக்காரர் என்னைப் பார்த்து,
"இன்னாவாம்?" என்றார்.
"எண்ணெ அவரு கொண்டாந்ததாம்."
"அப்ப வெல ஏத்துனது இவுருதானா?"

காசிமேட்டுக்குப் போகும் வழியெல்லாம் கருவாட்டு வாசனை.
நான் மூச்சை அடக்கினேன்.
பின்சீட்டில் அவன்
ஆழமாக இழுத்துக்கொண்டே வந்தான்.

நாகூரான் தோட்டத்து முனையில்
தேவகிருபை அக்காவின் தள்ளுவண்டி.
மாட்டுப் போட்டி, தளதளவென்று,
மஞ்சளும் மிளகும் மேலே மிதக்க.
ஒரு கரண்டி வாயில் வைத்தவன்
பேச்சை நிறுத்திவிட்டான்.
காரம் ஏறிவிட்டதோ என்று தண்ணி எடுத்தேன்.
வேண்டாம் என்று கை.
கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடினான்,
பூட்டிய வீட்டுக்கு முன் நின்று
சட்டைப் பையையெல்லாம் தடவுகிறவன் மாதிரி.

"கச்சாங்," என்றான். எனக்குப் புரியவில்லை.
விரல் நுனியில் சின்னதாக எதையோ உரித்து ஊதினான்.
அட, வேர்க்கடலை.

மூன்று கடை தள்ளிப் பொட்டலம் வாங்கி வந்தேன்.
வண்டிப் பலகையில் கொட்டி,
டம்ளர் அடியால் நசுக்கி,
கிண்ணத்தில் போட்டுக் கலக்கினான்.
"இன்னாடா எர்னஸ்ட்டு, யாரு இந்த ஆளு?
கொழம்புல போயி கல்ல போட்றான்!"
அவன் கிண்ணத்தை அக்காவிடம் நீட்டினான்.
எச்சில் கிண்ணம். ஒரு நொடி தயங்கினாள்.
வேறு கரண்டி எடுத்தாள்.
நாக்கில் வைத்தாள், தெருவிளக்கைப் பார்த்தாள்.
"உப்பு பத்தல," என்றாள்,
போட்டுத் தந்தாள்.

கிளம்பும்போது காசு நான்தான் என்று முந்தினேன்.
விடவில்லை. ரூபாய் தீர்ந்திருந்தது அவனிடம்.
பர்ஸின் உள் மடிப்பிலிருந்து
அவன் நாட்டு நோட்டு ஒன்றை எடுத்து
இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.

மறுநாள் பம்ப் ஓடியது.
அதற்கடுத்த விடிகாலை கப்பல் இல்லை.

அந்த நோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு
மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள் அக்கா.
"ஒரு கிண்ணம் போட்டிக்கு
ஐயாயிரம் குடுத்துட்டுப் போன மனுசன்,"
என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இருபத்தெட்டு ரூபாய் தேறும்.
கிண்ணம் நாற்பது.

நான் சொல்லவில்லை.
பன்னிரண்டு ரூபாய்
இன்னும் அவன் பாக்கியிலேயே இருக்கட்டும்.