ஒரே ஒரு சிவப்பு விளக்கு

அவைக்குறிப்பு எழுதுவது என் வேலை.
முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓடீல் திபடோ பேசியதெல்லாம்
என் விரல்களுக்கு மனப்பாடம்:
பெரும்பாலும் மதகு, பள்ளிப் பேருந்தில் வேலை செய்யாத ஹீட்டர்,
உருளைக்கிழங்கு லாரியின் எடை வரம்பு.

மெய்ன் மாநிலத்தின் வடகோடியிலிருந்து
பனியில் ஐந்து மணி நேரம் ஓட்டி வருவார்.
பூட்ஸைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு
காலுறையோடு வாக்களிப்பார்.

காகித ஆலை மூடிய வருடம்
அவர் போட்ட ஒரு ‘ஆம்’
இருநூறு வீட்டு அடுப்பை அணைத்தது.
மறுவாரம் எழுந்து
“தப்பு என்னுடையது” என்றார்.
குறிப்பில் அப்படியே இருக்கிறது.
நீக்கச் சொல்லி அவர் கேட்டதில்லை.

இன்று கடைசி அமர்வு.
புகழுரை வாசித்த அவைத்தலைவர்
அவர் பெயரை இரண்டு விதமாக உச்சரித்தார்.
ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டத் தீர்மானம்.
பலகை முழுக்கப் பச்சை,
நடுவே ஒரே ஒரு சிவப்பு.

“பாலம் நான் கட்டியதல்ல.
கட்டியவர்களில் இரண்டு பேர்
ஆற்றோடு போனார்கள்.
பெயருக்கா பஞ்சம்?”

கைதட்டலைப் பதிய விதியில்லை;
பதியவில்லை.
பூட்ஸின் நாடாவைக் கட்ட அவர் குனிந்திருந்தபோது
அவை ஒத்திவைக்கப்பட்டது, மணி 4.10.