முதல் தாள்

பிட்ஸ்பர்கில், ஆற்றைப் பார்த்த கட்டடத்தின்
நாலாவது மாடியில், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே
டிஷ்யூ பெட்டி வைப்பது என் வேலை.
பதினோரு வருஷமாக.
விருந்தாளியின் கைக்கு எட்ட வேண்டும்,
கேமராவின் கண்ணில் படக் கூடாது.

வெர்னா கெட்டரிங் வருவாள்.
காலணியைக் கழற்றிவிட்டு
ஒரு காலை மடித்து உட்காருவாள்,
உங்கள் வீட்டுச் சமையலறையில் உட்காருவதுபோல.
அந்த மடித்த காலுக்காகவே
நாட்டில் பாதிப் பேர் அவளை அக்கா என்கிறார்கள்.
மீதிப் பேருக்கு எரிச்சலும் அதே கால்தான்.

என் மனைவி அக்கா கட்சி.
மைத்துனன் லுட்விக், பேருந்து ஓட்டுகிறவன், எதிர்க்கட்சி:
"கண்ணீரை லிட்டர் கணக்கில் விற்கிறாள்."
நாலு மணிக்கு ஷிஃப்ட் இருந்தால் மட்டும்
பதிவு செய்து வைக்கச் சொல்வான்.
வெறுப்பதற்கும் விடாமல் பார்க்க வேண்டுமே.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால்
ரோவீனா டகெட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மகன் உருக்காலையில் தவறி விழுந்தவன். இருபத்திரண்டு வயது.
ஒப்பனை அறையில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்:
அந்தக் கடைசி ஃபோனைப் பற்றிக் கேட்க வேண்டாம்.
வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள்.
நான் பக்கத்தில் நின்றிருந்தேன், பெட்டியோடு.

பதினேழாவது நிமிடம் கேட்டாள்.
குரலைத் தாழ்த்தி,
இருட்டில் குழந்தையைத் தேடுகிறவள்போல:
"ஃபோனில் என்ன சொன்னான்?"

ரோவீனா மேலே விளக்குகளைப் பார்த்தாள்.
பிறகு சொன்னாள்.
மீன் வறுத்து வைக்கச் சொன்னானாம்.
எலுமிச்சையை மறந்துவிடாதே என்றானாம்.
அவ்வளவுதான்.

கேமராக்காரன் அழுதான். நான் அழுதேன்.
பிறகு சலவைத்தூள் விளம்பரம்.

பிப்ரவரியில், ஓட்டுநரில்லாமல், கேமரா இல்லாமல்,
பனியில் தானே காரோட்டிக்கொண்டு
வெர்னா அந்த வீட்டுக்குப் போனாள்.
வீட்டுக்கடன் தீர்ந்த காகிதத்தை மேசையில் வைத்தாள்.
தொட்டியில் கிடந்த மூன்று நாள் பாத்திரங்களைக் கழுவினாள்,
மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு.
எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?
மார்ச்சில் அவளே நிகழ்ச்சியில் சொன்னாள்.
மோதிரத்தைக்கூட விடவில்லை.

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.
சொல்லாமல் இருந்திருந்தால்
அவள் படத்தை வீட்டில் மாட்டியிருப்பேன்.
சொல்லாமல் இருந்திருந்தால்
எனக்குத் தெரிந்தே இருக்காது.

"பார்த்தாயா" என்று சிரித்தான் லுட்விக்.
ஆனால் அதற்குப் பிறகுதான்
கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன.
ஆலைக்காரர்கள் நெளிந்தார்கள்.
அந்த நடைமேடைக்கு இடுப்புயரக் கம்பி வந்தது,
மஞ்சள் பெயின்ட் அடித்து.
லுட்விக்கின் பையன் அதைப் பிடித்துக்கொண்டுதான்
தினமும் வேலைக்கு நடக்கிறான்.
கம்பியைப் பற்றி லுட்விக் பேசுவதில்லை.

வெண்ணெயும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை.
ஒரே விரலில் இரண்டையும் தொட்டுக்கொண்டு வருகிறவளை
என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ரோவீனாவைப் போன மாதம் கடையில் பார்த்தேன்.
மீன் பகுதியைச் சுற்றிக்கொண்டு போனாள்.
என்னை அடையாளம் தெரிந்தது: "பெட்டிக்காரர்."
நிகழ்ச்சியைப் பார்க்கிறீர்களா என்று கேட்டுத் தொலைத்தேன்.
"போடுவேன். சத்தம் வைக்க மாட்டேன்.
வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்."
கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள்.
"யார் யாரோ எனக்குத் தபாலில் எலுமிச்சை அனுப்புகிறார்கள்.
இன்னும். பாதி அழுகித்தான் வருகிறது.
எறியவும் மனசு வரவில்லை."

இன்றும் பெட்டியை வைத்தேன்.
முதல் தாளைப் பாதி வெளியே இழுத்து
நுனியை நிமிர்த்தி விட்டேன்.
அழ வருகிறவர் அவசரத்தில் தடுமாறக் கூடாது.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வெர்னா ஒருநாள் அதைக் கவனித்தாள்.
தோளைத் தொட்டு, "நல்ல யோசனை" என்றாள்.

அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.