நூற்று நாற்பத்து நான்கு

ஆமர் வீதிச் செட்டுக்கு
பவுசர் வரும் என்று சொன்னது திங்கட்கிழமை.
இன்றைக்கு வியாழன்.
என் உள்ளங்கையில் நீலப் பேனையால் 144.
எழுதிய பொடியனிடம் கேட்டேன்:
"தம்பி, பின்னால் மூன்று சைபர் போட ஏலாதா?"
அவனுக்கு விளங்கவில்லை.
முன்னால் நின்ற பிலோமினா மட்டும் சிரித்தாள்,
வெளிப்படுத்தலை ராத்திரியில் படிக்கிறவள்.

மதிலோரம் பிரசங்கி துரைசிங்கம்,
சைக்கிள் ஹாண்டிலில் ஒலிபெருக்கி.
"கையிலே இலக்கம்! கண்டீர்களா, கையிலே இலக்கம்!"
மிருகத்தின் முத்திரையாம்.
அவர் கையிலும் இருக்கிறது, 209.
விரல்களை மடக்கிக்கொண்டு பேசுகிறார்.

அவர் சொல்வதில் பொய் இல்லை என்றே வையுங்கள்.
யுத்தத்தைக் கேட்டோம், பஞ்சத்தைக் கண்டோம்,
ஓர் உயிர்ப்பு ஞாயிறையும்
இங்கிருந்து நடக்கிற தூரத்தில் பார்த்தோம்.
அதைப் பற்றி இந்த வரிசையில் யாரும் கதைப்பதில்லை.
முடிவு எங்களிடம் பலதரம் வந்து போயிருக்கிறது.
வராதவர்
அதற்குப் பிறகு வருகிறேன் என்றவர்தான்.

கப்பல் வந்துவிட்டதாம்.
முகத்துவாரத்தில் மீன் வாங்கப் போனவள் கண்ணால் கண்டாளாம்,
துறைக்கு வெளியே, விளக்கெல்லாம் எரிய நிற்கிறது.
இறக்குவதற்கு டொலர் இல்லை.
வந்துவிட்டது, இன்னும் வரவில்லை.
நாற்பது வருடம் கோயிலில் கேட்டும் பிடிபடாத ஒன்று
கால் கடுக்க அங்கே நின்றபோது
கொஞ்சம் பிடிபட்டது.

இரவில் எங்களுக்குப் பதிலாகக் கேன்கள் நின்றன,
கைபிடிகளுக்குள்ளால் ஒரே கயிறு,
கயிற்றின் முனையில் பூட்டு.
சாத்திய கடைவாசலில் பேப்பர் விரித்துக் குந்தினோம்.
மின்சாரம் இல்லை. நுளம்பு மட்டும் தாராளம்.
பரீதா சொன்னாள்:
"கடைசி நாளில் ஈஸா நபி இறங்கி வருவார் என்று
எங்கட ஆக்களும் சொல்றதுதானே."
குசுமலதா தனக்குத் தெரிந்த தமிழில்
மைத்ரீ புத்தரைப் பற்றிச் சொன்னாள்,
அவர் வர இன்னும் கனகாலம் இருக்கிறதாம், அவசரமில்லையாம்.
ஆக எல்லாருக்கும் வர வேண்டிய ஆள் இருந்தார்.
பவுசர் எங்கே என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு தூங்கிப்போனோம்.
அந்தப் பத்துப் பெண்கள் கதையிலும் அப்படித்தான்,
எல்லாரும் தூங்குகிறார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும்கூட.
பாதர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

விடியப்புறம் நாலு மணி.
நாங்கள் பார்த்திருந்த பக்கத்தால் இல்லை,
கிராண்ட்பாஸ் பக்கத்தால்,
ஹோர்ன்கூட அடிக்காமல்.

ஆளுக்கு ஐந்து லீற்றர்.
என் கேனோடு முடிந்தது.
பொடியன் குழாயைக் கொளுவிவிட்டுக்
கையை விரித்தான்.
145 பரீதா.

கதையில் அந்தப் பெண்கள் சொன்ன பதில் எனக்குத் தெரியும்:
இருவருக்கும் காணாது, கடையில் போய் வாங்கிக்கொள்.
நாங்கள் கடைக்கு முன்னால்தான் நிற்கிறோம்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
மூடியைத் திறந்து
திரும்ப மூடினாள்.

சரிபாதி ஊற்றினேன் என்று சொல்ல மாட்டேன்.
இரண்டே கால் இருக்கும்.
எனக்கும் காலையில் இடியப்பம் அவிக்க வேண்டும்,
பதினெட்டு வீட்டுக்கு.
ஊற்றும்போது கை நடுங்கி
கொஞ்சம் தாரில் சிந்தியது,
அந்த இடம் மட்டும் வானவில் நிறத்தில்.
துரைசிங்கம் வெறுங்கேனோடு பார்த்துக்கொண்டு நின்றார்.
அவருக்கு ஊற்றவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு நற்கருணைக்குக் கை நீட்டினேன்.
சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய் தேய்த்தேன்,
இலக்கம் போகவில்லை, மணமும் போகவில்லை.
பாதர் ஒரு கணம் பார்த்தார்.
பிறகு நடு நான்கு மறையும்படி
அப்பத்தை வைத்தார்.
நான் விலகினேன்.
பின்னால் நின்றவர்கள்
ஓரடி முன்னுக்கு வந்தார்கள்.