வேலந்தாவளம், கண்ணாடி வெட்டும் கடை

மய்யழியில் இடித்த ஒரு வீட்டுச் சாமான்களோடு
மொய்து கொண்டுவந்து போட்டான்,
இரண்டு மின்விசிறி இறக்கைக்கும்
ஒரு தையல் மிஷின் காலுக்கும் நடுவே.
"சட்டம் தேக்கு. படத்தைக் கிழிச்சுப் போட்டுக்கோ."

கவிழ்த்து வைத்து ஆணி பிடுங்கினேன்.
முதுகில் மலையாளப் பத்திரிகை,
அதனடியில் துரு வாசம்,
அதற்கும் அடியில் அவள்.

ஐந்து வயது இருக்கும்.
கையில் கிண்ணம். ஒரு காலில் செருப்பு இல்லை.
கூப்பிட்ட யாரையோ பார்த்து
வரமாட்டேன் போ என்கிற மூஞ்சி.
கீழே பிரெஞ்சில் ஒரு வரி.
மொய்துவின் உம்மா மய்யழிக்காரி; எழுத்துக் கூட்டினான்:
லா பெத்தீத்... சின்னவள்.
அதற்கப்புறம் பெயர்.
பெயரை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது.

தாளின் ஓரத்தில் செப்புத்தகடு அழுந்திய பள்ளம்,
நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.
நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால்
யாரோ பலங்கொண்ட மட்டும் அழுத்தியிருக்கிறான்.

எங்கள் கடைக்குக் குழந்தைப் படம்
இரண்டு காரியத்துக்குத்தான் வரும்.
மாறுவேடப் போட்டியில் பரிசு, அது ஒன்று.
மற்றதற்கு நான் விலை பேசுவதில்லை.
கைப்பழக்கத்தில்
மாலைக்கென்று இரண்டு கொக்கி அடித்துவிட்டேன்.
பிறகுதான் உறைத்தது; பிடுங்கினேன்.
செத்திருப்பாள்தான் இவளும்,
பல்லெல்லாம் போய், மருமகளோடு மல்லுக்கட்டி,
ஏதோவொரு பனிக்காலத்தில்.
அந்தச் சேதி மட்டும்
இந்தத் தாளுக்கு வந்து சேரவில்லை.

கண்ணாடி பொருத்தக் குனிந்தேன்.
கிட்டே போனால் கன்னம் இல்லை.
கோடு. கோட்டுக்குக் குறுக்கே கோடு.
கண்ணுக்குள் மூன்று புள்ளி.
பிடிவாதம் என்று நான் நினைத்தது
மயிரிழை மாதிரி ஒரு கீறல்.
ஒரு முழம் தள்ளிப் பிடித்தால்
திரும்ப வந்து நிற்கிறாள்
செருப்பைத் தொலைத்துவிட்டு.

எங்கள் ஊர்க்கோடு இதற்கு நேர் எதிர்.
மேப்பில் கன்னங்கரேலென்று கிடக்கும்.
பக்கத்தில் வந்தால்
செக்போஸ்ட் தடிக்குக் கீழே புகுந்து மேயும் கோழி,
ரேஷன் அந்தப் பக்கம், கோயில் இந்தப் பக்கமென்று
நடுவில் தக்காளி விற்கும் வேலாத்தாள்.

முருகனுக்குக் கண்ணாடி மாற்ற வந்தவள்
இவளைப் பார்த்து நின்றுவிட்டாள்.
"ஆரூட்டுப் புள்ள?"
"தெரியலீங்க்கா."
"செருப்பு எங்கடி?" என்றாள்.
என்னிடம் இல்லை.

முந்நூறு சொன்னேன். இருநூறும்
ஒரு பை தக்காளியும் தந்தாள்.
சட்டத்தின் மேல் இரண்டு ஓட்டையைத் தடவிப் பார்த்து
எதுவும் கேட்காமல்
சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள்.

இப்போது சந்தையில் தராசுக்கு மேலே தொங்குகிறாள்.
கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறை என்று
யார் வந்து நின்றாலும்
முதலில் அவள்தான் பார்க்கிறாள்,
வரமாட்டேன் போ.