விளக்கறைக்காரி

பதூமியில் கருங்கடலுக்கு மணல் கிடையாது, கூழாங்கல்தான்.
கரையேற்றும் ஒவ்வொரு முறையும்
ஜெட் ஸ்கீயின் வயிற்றில் ஒரு கீறல் விழும்.
நுக்ரி தினமும் அவற்றைப் படம் எடுப்பான்,
யார் தலையிலாவது கட்டலாமே என்று.
நான் எடுபிடி. பெட்ரோல் ஊற்றுவேன்,
மிதவைச் சட்டைக்குக் கொக்கி மாட்டுவேன்,
கால்மணிக்கு எண்பது, கால்மணிக்கு எண்பது என்று
தொண்டை வற்றக் கத்துவேன்.

வருகிறவர்களை எனக்குத் தெரியும்.
முதுகு சிவந்த பையன்கள், இருவராய்ப் போய்
ஒருவனைத் தள்ளிவிட்டுச் சிரிப்பவர்கள்.
தேனிலவுக்காரர்கள்: போகும்போது அவன் ஓட்டுவான்,
வரும்போது அவள்.
வட்டமடித்து வட்டமடித்துத்
தான் எழுப்பிய அலையிலேயே மோதி விழுபவர்கள்.

அக்மரால் ஒரு ஆகஸ்ட் பிற்பகலில் வந்தாள்.
ஐம்பத்தெட்டு இருக்கும். கரகண்டாக்காரி.
நிலக்கரி ஊர்,
எந்தப் பக்கம் எத்தனை நாள் நடந்தாலும்
கடல் வராத ஊர்.
தனியாக ஓட்ட வேண்டும் என்றாள்.
நீச்சல் தெரியுமா?
தெரியாது. சட்டை மிதக்குமா?
மிதக்கும்.
அப்புறம் என்ன?

சிவப்புக் கயிற்றை அவள் மணிக்கட்டில் மாட்டினேன்.
விழுந்தால் இது பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும்,
வண்டி உங்களை விட்டுவிட்டு ஓடாது.
இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.
இன்னொன்று, எல்லோரும் மறந்துபோவது:
எதிரே ஏதாவது வந்தால் பயந்து ஆக்ஸிலேட்டரை விடாதீர்கள்.
இதற்குச் சுக்கான் இல்லை,
பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் திருப்பும்.
கையை எடுத்தால் நேரே போவீர்கள்,
எதைக் கண்டு பயந்தீர்களோ அதற்குள்.
தலையாட்டினாள். வியப்பில்லை.

பிறகு கேட்டாள்: இப்போது வெளியே எத்தனை பேர்?
நான்கு வண்டி, ஆறு பேர்.
உதடு அசைய எண்ணினாள்.
ஐந்துதான் தெரிகிறது.
எனக்கு வயிறு குளிர்ந்தது.
அலை இறங்கியதும், மஞ்சள் மிதவைக்குப் பின்னால்,
விழுந்து மிதந்தபடி ஒரு பையன் கையாட்டினான்.
ஆறு, என்றாள்.
பேரேட்டில் கோடு இழுத்த குரல்.

சுரங்கத்தில் விளக்கறை வேலையாம், முப்பத்தொரு வருஷம்.
இறங்குகிறவனுக்கு ஒரு விளக்கு, ஒரு பித்தளை வில்லை.
ஏறி வந்தால் இரண்டையும் திருப்பித் தரவேண்டும்.
ஆணிகள் எல்லாம் நிறைந்த பிறகுதான்
அவள் வீட்டுக்குப் போகலாம்.
நிறையாத இரவு உண்டா என்று நான் கேட்கவில்லை.
நுக்ரி கேட்டான்.
அவள் சட்டைக் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டாள்.

போனாள்.
முதலில் வாத்துபோல.
மிதவைகளைத் தாண்டியதும் நுக்ரி எழுந்து நின்றான்:
கிழவி முழுசாக முறுக்குகிறாள் பார்!
அலையின் முதுகேறி வண்டி தண்ணீரைவிட்டு எழுந்தது,
ஒரு கணம் எஞ்சின் வெறுங்காற்றைக் கடித்து ஊளையிட்டது,
பிறகு படாரென்று கடல்.
மேலே கேபிள் காரில் போனவர்களுக்கு
அவள் ஒரு வெள்ளைக் கீற்று.
காற்று அவள் குரலைத் துண்டு துண்டாய்க் கொண்டுவந்தது.
பாட்டா, வசையா? எனக்குக் கசாக் தெரியாது.
வசை என்றுதான் நினைக்கிறேன்,
அத்தனை சந்தோஷம் அதில்.

விசில் ஊதினேன். வரவில்லை.
மறுபடி ஊதினேன்.
ஒன்று, ஒன்று, ஒன்று என்று
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தாள், முடியெல்லாம் உப்பு,
முழங்கால்கள் தந்தியடிக்க.
கயிற்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து
என் விரல்களைத் தானே மூடிவிட்டாள்.
ஏழாம் எண், வந்தாயிற்று.

நுக்ரி குனிந்து வண்டியின் வயிற்றைப் பார்த்தான்.
புதுக் கீறல் ஒன்று. படம் எடுக்கவில்லை.
ஆனால் கூடுதல் மூன்று நிமிடத்துக்குக் காசு கேட்டான்.
இரண்டுக்குத்தான் கொடுத்தாள்.
ஒரு நிமிடம்
உன் ஆள் விசில் ஊதத் தாமதித்தது.