பெட்னேகரின் நாற்காலி

மஸ்ஜித் பந்தர், நான்காவது மாடி.
சரக்குக் கப்பல்களுக்குக் காப்பீடு எழுதும் ஆபீஸ்.
ஜன்னலில் கடல் தெரியாது, கப்பல் தெரியாது,
எது மூழ்கினால் எத்தனை லட்சம் என்பது மட்டும் தெரியும்.

விரல் வைத்தால் கதவு திறக்கும் இயந்திரத்தில்
பெயருக்கு இருந்த இடம் போதவில்லை.
மங்கையர்க்க
என்பதோடு முடிந்துபோனேன்.
மிச்சமிருந்த அரசி
முதல் நாளே வெளியில் நின்றுவிட்டாள்.

மதியத்துக்குள் சாவந்த் அதையும் நறுக்கி
'மங்கு' என்று கூப்பிட்டார்.
மங்கு சனி என்று ஒன்று உண்டு எங்கள் பக்கம்.
அதை இந்தியில் விளக்க எனக்கு வராது.
ஏன் சிரிக்கிறாய் என்றார்.
சும்மா என்றேன்.

பழைய ஆபீஸில்
எந்தக் கோப்பு எந்த அலமாரியென்று
மின்சாரம் போன நேரத்திலும் எடுத்துத் தருவேன்.
இங்கே
கழிப்பறைச் சாவி யாரிடம் என்று கேட்கவே
இரண்டு நாள் பிடித்தது.
அதுவரை தண்ணீர் குடிக்கவில்லை.

நாற்காலியின் நெம்புகோல் முறிந்து
யாரோ உயரமானவளின் அளவில் நின்றுவிட்டது.
நாற்பத்தோரு வயதில்
பல் டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைபோல
கால் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.
'அது பெட்னேகர் நாற்காலி' என்கிறார்கள்,
இப்போதும், நான் உட்கார்ந்திருக்கும்போதே.
எங்கே போனாள் என்றால்
'சலீ கயீ'.
வேறு வேலைக்கா, வேறு ஊருக்கா,
அதற்கும் அப்பாலா,
அந்த இரண்டு சொல்லில் பிரித்தறிய முடியவில்லை.
மறுபடி கேட்க
நான் இன்னும் அவ்வளவு பழகவில்லை.

இழுப்பறையில்
ஊக்குகள் கோத்த ஒரு வளையம்,
பாதி தின்ற இருமல் மிட்டாய்,
பதினொரு ரூபாய்ச் சில்லறை.
சாய் கொண்டுவரும் பையன்
நோட்டில் இன்னும் பெட்னேகர் பெயருக்கு நேரேதான்
கோடு போடுகிறான்.
மாசக் கடைசியில் யார் கொடுப்பது?
சில்லறையைத் தொடாமல் மூடிவைத்தேன்.

மேஜை நாட்காட்டியில்
பதினேழாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.
தணிக்கையா? கெடுவா?
யாராவது வருகிறார்களா?
பன்னிரண்டு, பதிமூன்று என்று
எனக்கு எழுதியிராத ஒன்றுக்காக
ராத்திரி செம்பூர் விடுதிக் கட்டிலில்
விழித்துக் கிடந்தேன்.

பதினேழு, செவ்வாய்.
எதற்கும் இருக்கட்டுமென்று
இஸ்திரி போட்ட புடவை கட்டிப் போனேன்.
ரயிலில் அதை மிதித்தார்கள்.
பத்து மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை.
பன்னிரண்டுக்கும் இல்லை.
மாலை நாலு இருபதுக்குத் தொலைபேசி.

'மேடம், தாதரிலிருந்து டெய்லர்.
பதினேழுக்குக் கேட்டீங்களே, ப்ளவுஸ் ரெடி.
பின்பக்கம் முடிச்சு வைத்துத்தான் தைத்திருக்கு.'

என்ன விசேஷம் அவளுக்கு இன்று?
யார் கல்யாணத்தில் எந்த வரிசையில்
நின்றிருப்பாள், இருந்தால்?
பெட்னேகர் இங்கே இல்லை என்ற வாக்கியத்தை
நாலு நாளாகத் தயாராக வைத்திருந்தேன்.
வினைமுற்றுகூடச் சரிபார்த்திருந்தேன்.

'சனிக்கிழமை வருகிறேன்' என்றேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது,
அதை மனசுக்குள் முதலில் தமிழில் சொல்லிப் பார்க்காமல்
நேரே சொல்லிவிட்டிருக்கிறேன்.
யாருக்காகச் சொன்னேன் என்பது
இன்னும் உறைக்கவில்லை.

ஒரு செருப்பு காலிலிருந்து நழுவி
மேஜைக்கடியில் எங்கோ போய்விட்டது.
கட்டைவிரலால் துழாவிக்கொண்டிருக்கும்போது
சாவந்த் வந்து நிற்கிறார்,
கையில் மூழ்கிய கப்பல் ஒன்றின் காகிதங்களோடு.
'மங்கு, ஒரு நிமிஷம் எழுந்து வாயேன்.'

வருகிறேன் என்கிறேன்.
இதோ, வருகிறேன்.