மை

பெங்களூரில் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கின லென்ஸ்.
பேர் தெரியாத கம்பெனி.
"எல்லா பாடிக்கும் சேரும்" என்றான் கடைக்காரன்.

ராயக்கோட்டை மண்டபத்தில்
மாலை மாற்றும் நேரம் பார்த்து
முக்கால் திருகலில் நின்றுகொண்டது.
அழுத்தினேன்.
கிறீச்.

பத்துப் பொருத்தமும் பார்த்த கல்யாணத்தில்
பொருந்தாத ஒன்றையும் சேர்த்துவைத்தாயிற்று.
தாலி எடுத்தேன். தக்காளி மண்டிக்காரர்கள்
மொய் எழுத நின்ற வரிசையை எடுத்தேன்.
ஒரு படமும் பழுதில்லை.

பந்தியில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்:
வளையத்தை ஒட்டி,
நகம் வெட்டிப் போட்டதுபோல் ஒரு பிறை.
பெயின்ட் போய், உள்ளிருந்து வெளேரென்று உலோகம்.

கேமரா என்னுடையதல்ல.
சென்னகேசவனுடையது.
இன்னும் ஏழு தவணை பாக்கி.

பொண்ணுக்கு மேக்கப் போட வந்த ஃபர்ஹானா
ஐலைனரை நீட்டினாள்.
"பூசு. காயட்டும். ஊதாதே."
பிறை மறைந்தது.
ரசம் ஊற்ற வந்தவர்கூட எட்டிப் பார்த்து
தெரியலைங்க என்றார்.

பாலக்கோடு பஸ்ஸில்
துண்டு சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.
நடத்துனர், குழந்தையா என்று கேட்டார்.

சென்னகேசவன் லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை,
மெமரி கார்டு எங்கே என்று கேட்கவில்லை.
கட்டைவிரலால் நேரே அங்கேயே தடவினான்.
விரலைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
"கேமராவுக்கு மை வெச்சது யாருடா?"

பஸ்ஸில் தயார் செய்த பொய்
ரொம்ப நீளம்.
மாரண்டஹள்ளி வரை சரியாக வந்தது,
அப்புறம் மறந்துவிட்டது.
"இந்த மாசத் தவணை நான் கட்டறேன்" என்றேன்.

"அடுத்த மாசமும்" என்றான்,
விரலை என் சட்டைக் கையில்
நிதானமாகத் துடைத்தபடி.